சேலைத் தலைப்பில் முடிந்த மூடி

பவளத்தை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்த ரப்பர் படகின் காற்று மூடியை ஒளித்து வைத்திருந்தவள் நான். அது கடற்கரை மணலில் தொலையவில்லை. மணலைக் கிளறி நான் அதைக் கண்டெடுக்கவும் இல்லை. நயினாதீவில் இன்றுவரை எல்லோரும் நம்பும் அந்தக் கதை பொய்... அதைச் சொன்னவளும் நானே.

நீங்கள் என்னைக் கொடியவள் என்று எண்ணக்கூடும். எண்ணுங்கள். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு தமக்கையாகத்தான் அன்று நான் கடற்கரைக்குப் போனேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுத் துணி கடைகளில் இல்லாத காலம். தென்பகுதியில் அப்பா நடத்திய கடை கலவரத்தில் போன பிறகு, என் தம்பி குணத்தின் படிப்பும் நின்றது. அவன் வள்ளம் ஓட்டப் பழகினான். இந்தியாவிலிருந்து நடுக்கடலுக்கு வரும் சேலைக் கட்டுகளை இறக்கிக் கரை சேர்ப்பது அவன் தொழிலாயிற்று. நான் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வாய்மையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அழகாகப் படிப்பித்தேன். அதைப் படிப்பித்த நாட்களில் நான் உடுத்தியிருந்தவை பெரும்பாலும் அவன் கொண்டுவந்த சேலைகள்.

எங்கள் பக்கத்துக் கடல் ஆழமற்றது. கடற்படையின் ரோந்துக் கப்பல் தொலைவில், ஆழத்தில்தான் நிற்கும். ஆழமில்லாத நீருக்குள் நுழைந்துவிட்டால் குணம் தப்பினான் என்று பொருள். அதுவே அவனுக்கு மதில். அன்று பிற்பகல் அந்த மதிலைத் தாண்டி, முழங்காலளவு நீரில் வழுக்கிக்கொண்டு, ஒரு கரிய ரப்பர் படகு வந்தது.

அத்தகைய படகை நான் சஞ்சிகைகளில் பார்த்திருந்தேன். போர்க்காலங்களில் விசேட படையினர் எதிரியின் கரையில் ஓசையின்றி இறங்குவதற்குக் காற்றடைத்த படகுகளையே நம்புவார்கள் என்று படித்ததும் நினைவுக்கு வந்தது. படிக்கும்போது அந்தக் கரை எங்கோ இருந்தது. இப்போது அது எங்கள் வளவின் பின்வேலியாக இருந்தது!

நால்வர் இறங்கினார்கள். படகை மணலில் இழுத்துவிட்டு, மூவர் கரையோரமாக நடந்தார்கள். காவலுக்கு நின்ற இளைஞன் சற்று நேரத்தில் எங்கள் வாசற் படலையடிக்கு வந்தான்.

“அக்கா, தண்ணி கொஞ்சம்.”

கிணற்றடியைக் காட்டினேன். செம்பில் மோரும் கொடுத்தேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான். அவன் முகம் கழுவத் தொடங்கியபோது நான் வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் நுழைந்து கடற்கரைக்குப் போனேன். பொழுதுபடுவதற்குள் குணம் அந்தக் கரைக்கு வருவான் என்பது எனக்குத் தெரியும். சைக்கிள் ரியூப்பில் காற்று எவ்வாறு நிற்கிறது என்று வகுப்பில் விளக்குபவளுக்கு அந்தப் படகு ஒரு புதிரா என்ன? முன்புறத்து மூடியைத் திருகினேன். காற்று நீண்ட பெருமூச்சாக வெளியேறியது. மூடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காற்றைத்தானே எடுத்தேன்... அது யாருக்கு என்ன தீங்கு செய்யும்? அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வந்த மூவரும் படகு ஒருபுறம் துவண்டு கிடப்பதைக் கண்டார்கள். அவர்களில் மூத்தவன் அந்த இளைஞனைச் சிங்களத்தில் வைதான். இழுத்தபோது மூடி கழன்று விழுந்திருக்க வேண்டும் என்று எண்ணி, நால்வரும் மண்டியிட்டு மணலைத் துழாவத் தொடங்கினார்கள். நான் வேலிக்குள் நின்று பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது... எனக்குச் சற்றே சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கந்தையாவின் குரல் கேட்டது.

கந்தையா எங்கள் அயல்வளவுக்காரர். புகையிலைத் தோட்டம் செய்பவர். பவளம் அவர் மனைவி. பனையடியில் ஓலை பொறுக்கியபோது அவளைப் புடையன் பாம்பு கடித்திருந்தது. சாக்குக் கட்டிலில் கிடத்தி நாலுபேர் கடற்கரைக்குத் தூக்கி வந்தார்கள். நானும் வேலியைக் கடந்து அங்கே ஓடினேன். கடைசி மோட்டார்வள்ளம் அக்கரைக்குப் போய்விட்டது. கடல் வற்றியிருந்ததால் ஊர் வள்ளங்கள் தரைதட்டிக் கிடந்தன.

மூத்த சிப்பாய் எழுந்து வந்து அவள் காலைப் பார்த்தான். கப்பலைக் காட்டி, இளைஞனிடம் ஏதோ சொன்னான்.

“நாங்க கொண்டுபோறது,” என்றான் இளைஞன். “கப்பல்ல ஏத்தினா கெதியா ஆஸ்பத்திரி. மூடி மட்டும் வேணும், அக்கா.”

கந்தையா தொப்பென்று மணலில் விழுந்து தேடினார். யாரோ போத்தல் தக்கை கொண்டுவந்தார்கள். அது நிற்கவில்லை. துணியைச் சுற்றிச் செருகினார்கள். அதையும் காற்று தள்ளிவிட்டது.

நான் பவளத்தின் அருகில் அமர்ந்தேன்.

“ரீச்சர், ஒரு மிடறு தண்ணி தாருங்கோ.”

கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரிக்க முயன்றாள். நாகங்களின் அம்மன் கோயில் கொண்ட தீவு எங்களுடையது.

“அம்மாளின்ரை தீவிலை பாம்பு கடிக்காதெண்டு சொன்னவையைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ. இது புடையனெல்லோ, கோயில் வழக்கம் தெரியாது போலை.”

“கதையாதையும், பவளம்.”

“இவர் என்னத்தைக் கிண்டுறார்? வீட்டிலை தன்ரை சால்வையையே தேடி எடுக்கத் தெரியாத மனுசன்.”

மூடி என் இடுப்பில், அவள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஏன் அந்தக் கணமே எடுத்துக் கொடுக்கவில்லை? நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்... ஏனெனில் நான் தலை நிமிர்ந்தபோது, மேற்கே ஒரு வள்ளத்தின் பாய் தெரிந்தது. நீலத்துணி ஒட்டுப் போட்ட பாய். அந்த ஒட்டைத் தைத்தவள் நான். படகுக்குக் காற்று வந்துவிட்டால் அது முதலில் எந்தப் பக்கம் பாயும்? கட்டிலில் கிடந்தவளைக் கண்கொண்டு பார்த்த பின்பும் அந்த மனிதர்கள் என் தம்பியைத்தான் துரத்துவார்கள் என்று எண்ணினேன். எத்தனை நூல்களைப் படித்து என்ன? மனிதரைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

தூக்கி வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: “உந்தப் படகை நம்பி இருக்கேலாது, ரீச்சர். வள்ளத்தை இழுத்து இறக்குவமே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் அல்லவா!

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றேன். “மூடி இஞ்சைதான் எங்கையாவது கிடக்கும். இன்னும் ஒருக்கால் தேடுவம்.”

மூடியை ஒளித்தது ஒரு பிழை. இந்தச் சொற்கள் அதனினும் பெரிய பிழை. ஒளித்தபோது பவளம் என் கண்முன் இல்லை. இவற்றைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

பாய் மெல்லத் திரும்பியது. கரையில் சீருடைகளைக் குணம் கண்டிருக்க வேண்டும். அது முனைக்கு அப்பால் மறையும்வரை நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். மறைந்ததும் முடிச்சை அவிழ்த்தேன். மூடியை மணலில் ஒருமுறை புரட்டினேன்.

“இஞ்சை கிடக்கு,” என்றேன்.

கந்தையா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். சிப்பாய்கள் காலால் மிதிக்கும் பம்பினால் காற்றடித்தார்கள். இளைஞன் பவளத்தைக் குழந்தைபோல் தூக்கிப் படகில் கிடத்தினான். ஏறுமுன் என்னைத் திரும்பிப் பார்த்து, “நான் போட்டை விட்டுப் போனது. என்ட பிழை, அக்கா,” என்றான். என் கிணற்றில் தண்ணீர் குடித்தது பிழை என்று அவன் வாழ்நாளெல்லாம் எண்ணியிருப்பானோ?

மறுநாள் விடியற்காலையில் பவளம் இறந்தாள். “நேரம் கடந்துபோச்சுதெண்டு டொக்டர் சொன்னவர்,” என்றார் கந்தையா. எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் பிடித்துவைத்த அந்தச் சிறுபொழுது அவளைக் காத்திருக்குமா, காத்திராதா... அறிய ஒரு வழி இருந்தது. அந்த டொக்டர் வேறூருக்கு மாற்றலாகிப் போகும்வரை நான் ஊர்காவற்றுறைப் பக்கமே போகவில்லை.

குணம் சில நாள் கழித்து வந்தான். நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு எப்படித் தப்பினாய் என்று மட்டும் கேட்டேன்.

“தப்ப என்ன கிடக்கு, அக்கா? அண்டைக்கு வெறும் வள்ளம். சாமான் வரேல்லை. விசாரணை கரைச்சலெண்டுதான் திரும்பினனான்.”

இப்போது அவன் ஜேர்மனியில் இருக்கிறான். பவளத்தை அவனுக்கு நினைவிருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

நான் ஏன் கந்தையாவிடம் சொல்லவில்லை? சொல்லப் போனேன். முதலாம் ஆண்டுத் திவசத்தன்று, சொல்லியே தீருவதென்று போனேன். அவர் என்னை மற்றவர்களுக்கு முன் கதிரையில் இருத்தினார். “ரீச்சர் அண்டைக்கு மண்ணைக் கிளறி எடுத்துத் தந்திராட்டில், அவளுக்கு நான் ஒண்டுமே செய்யேல்லையெண்டு செத்துப்போயிருப்பன். கொண்டுபோனன் எண்ட ஆறுதலாவது கிடக்கு,” என்றார்.

அந்த ஆறுதலைப் பறிக்க எனக்கு உரிமை உண்டா? அல்லது, இதுவும் நான் எனக்குத் தைத்துக்கொண்ட ஒட்டுத்தானா? இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் திவசத்துக்கு மறுநாள் அவரே படலையடிக்கு வருகிறார். பவளத்துக்குப் பிடித்த பலகாரத்தில் என் பங்கைப் பித்தளைச் சட்டியில் கொண்டுவருகிறார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம் அன்று. கழுவித் துடைத்து, மரத்தில் ஆய்ந்த தேசிக்காய் நாலைந்தைப் போட்டுக் கொடுப்பேன்.

“என்னத்துக்கு, ரீச்சர்? நீங்கள் அண்டைக்குத் தந்தது போதாதோ?” என்பார்.

இந்த முறையும் அப்படித்தான் சொன்னார். அவர் போன பின், அந்தப் பலகாரத்தை முழுவதும் தின்றேன்.