ஏழாம் எண் யார்?

அந்த மென்பொருள் நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் அவள் ‘மூலை அக்கா’. பன்னிரண்டு வருடம் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். சோதனையாளர்கள் கண்ணில் படுகிற பிழைகளில் எத்தனையைப் பதிவு செய்கிறார்கள், எத்தனையை விழுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி. அந்த அலுவலகத்தின் மூலையில் குறிப்பேட்டோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். பார்க்கலாம், எழுதலாம், குறுக்கிடக் கூடாது.

முதல் வாரமே மேலாளர் ஒரு சோதனையாளனைக் கன்னத்தில் அறைந்தார். மென்பொருளை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது புதுப் பிழை ஒன்றைச் சொல்லித் தொலைத்தான், அவ்வளவுதான். அவன் கண்ணாடி தெறித்து அவள் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள். பிறகு நேரத்தைக் குறித்தாள். அடுத்த வாரம் மேலாளர் வீசிய விசைப்பலகை ஒன்று, தலை நரைத்த சோதனையாளர் ஒருத்தியின் தோளில் உடைந்தது. மேலாளர் இருந்த நாட்களில் பத்துப் பிழைக்கு மூன்றுதான் பதிவாயின. அவர் வெளியூர் போன நாட்களில் ஒன்பது.

பஸ் ஓட்டுநரான கணவருக்குப் பொறுக்கவில்லை. “கண்ணு முன்னாடி அடிக்கிறான், நீ பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?”

“குறுக்க போனா ஆராய்ச்சி கெட்டுடும்ங்க.”

“கெட்டா கெட்டுட்டுப் போகட்டுமே!”

அவள் சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

அதன்பின் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேட்டி எடுத்தாள். பெயருக்குப் பதில் எண். எந்த எண் யார் என்ற பட்டியல் அவள் மேஜை இழுப்பறைக்குள். ஒப்பந்தப்படி நிர்வாகத்துக்குச் சுருக்க அறிக்கை போனது. அதில் ஏழாம் எண் சொல்லியிருந்தது: ‘ஆஸ்பத்திரிக்குப் போற மெஷின்ல இருந்த பிழையக்கூட நான் சொல்லல. எனக்கு என் பல்லு முக்கியம்.’

காகிதத்தைக் கசக்கிக்கொண்டு மேலாளர் வந்தார். “யாரு இந்த ஏழு?”

“சொல்ல முடியாது சார். வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“என் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எனக்கே சொல்ல மாட்டியா?”

இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தார். அவள் உள்ளே கைவிட்டுப் பட்டியலைப் பிடித்தாள். அவர் முழங்காலால் இழுப்பறையை உதைத்து மூடினார். விரல்கள் நசுங்கின. அவள் அலறினாள், பிடியை விடவில்லை. இன்னொரு உதை.

நரைத்த தலைக்காரி நாற்காலியைத் தூக்கி அவர் முதுகில் போட்டாள். அறை வாங்கியவன் பாய்ந்தான். பிறகு யார் யார் என்றே தெரியவில்லை. மேலாளர் வாய் கிழிந்து கீழே கிடந்தார். மிதி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் மூலை அக்கா தடுக்கவில்லை. உள்ளுக்குள் இனித்தது என்று பிற்பாடு கணவரிடம் ஒப்புக்கொண்டாள். மேலாளர் தலை மேஜைக் காலில் மோதி ரத்தம் கொட்டியபோதுதான் மேலே விழுந்து மறைத்தாள். “போதும்! செத்துடுவான், விடுங்க!”

மேலாளருக்கு ஒரு காது கேட்காமல் போனது, வேலையும் போனது. சோதனையாளர்கள் இருவரும் வழக்கில் மாட்டி, வேலையிழந்தார்கள். போலீஸ் கேட்டும் ஏழாம் எண் யாரென்று அவள் சொல்லவில்லை.

விரல் கட்டோடு நரைத்த தலைக்காரியின் வீட்டுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது.

“அத்தனை நாளும் பார்த்தீங்களே அக்கா. அன்னைக்கே ஒரு வார்த்தை சத்தம் போட்டிருந்தா நான் நாற்காலியத் தூக்கியிருப்பேனா?”

கதவு சாத்தப்பட்டது.

கட்டுரை வெளிவந்தது. இப்போது அவள் எடுக்கும் ஒவ்வொரு ஆய்வின் திட்டத்திலும் முதல் விதி இது: யாராவது கை ஓங்கினால், ஆய்வு அந்த நொடியே நிற்கும்.