வெள்ளைக்காரிக்குப் போன நன்றி

காளீஸ்வரி போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவள். மகள் சுகன்யாவின் கல்யாணப் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டதும் வாழ்த்துகள் குவிந்தன. எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் போட்டாள்: 'ரொம்ப நன்றி, குடும்பத்தோட வீட்டுக்கு வாங்க.' பந்தி விசாரிக்கும்போதும் அவள் வழக்கம் அதுதான். ஒருத்திக்கு ஒரு வார்த்தை கூடிப்போனால் அடுத்தவள் அளந்து பார்ப்பாள். முகம் தெரியாதவர்களையும் அவள் விடவில்லை.

பாதியிலேயே ஃபேஸ்புக்காரர்கள் அவள் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். மதுரையில் வாழ்க்கைப்பட்டிருந்த சுகன்யா போனில் சிரித்தாள்.

"ஒண்ணையே திரும்பத் திரும்பப் போட்டேல்ல, உன்னைய மிஷினுன்னு நெனச்சுட்டாங்கம்மா."

"காலையிலருந்து காய் பொறுக்கி இடுப்பு ஒடியுது. மிஷினுக்கு இடுப்பு வலிக்குமாடி?"

"நாய்க்குட்டியோட படம் வச்சிருக்க ஒரு வெள்ளக்காரிக்கு நன்றி போட்டிருக்கியே, அதுதான் மிஷினு. ஆளு மாதிரியே எழுதும். அத விட்டுட்டு உன்னையப் புடிச்சிருக்காங்க. மூஞ்சிய வீடியோ எடுத்து அனுப்பு, தொறப்பாங்க."

இடம் திரும்பு, வலம் திரும்பு என்று போன் சொன்னதையெல்லாம் செய்தாள். பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது.

கணக்கு போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் பதில் போகாமல் நின்றுபோனவர்களில் சிலமலை ஊரில் இருக்கும் நாத்தனார் செல்லக்கிளியும் இருந்தாள். கல்யாணத்தில் தாம்பூலப் பை கைக்கு வரவில்லை என்று ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள். ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து. அதற்கு வராமல் இருந்துவிட்டால் அண்ணன் தங்கை பேச்சு அத்தோடு அறுந்துபோகும். காளீஸ்வரி பஸ் ஏறினாள்.

செல்லக்கிளி வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"என்ன மதினி, வழி தெரிஞ்சுச்சா?"

"உன்னையப் பாக்கத்தான் வந்தேன் ஆத்தா."

"எவளோ வெள்ளக்காரிக்கு நன்றி, வீட்டுக்கு வாங்க. கூடப் பெறந்தவளுக்கு ஒண்ணும் இல்ல."

"அது ஆளே கிடையாதாம். மிஷினாம். சுகன்யா சொன்னா."

"அப்ப மிஷினுக்கும் கீழயா நான்?"

உன் முறை வருவதற்குள் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னால், என் முறை ஏன் கடைசி என்பாள். காளீஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து சோளத்தைக் கையால் துழாவினாள்.

"இங்கிட்டுக் கிண்டுங்க, அது காஞ்சிருச்சு" என்றாள் செல்லக்கிளி. கொஞ்சம் கழித்து, "ஞாயித்துக்கெழம அந்த வெள்ளக்காரி வாராளா?"

"வந்தா நீதான் பரிமாறணும்."

"எனக்கென்ன சோலியில்லையா? அவ எலைய எனக்குப் போடுங்க."