மூன்று கல், நான்கு செங்கல்

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி டோனா கிராசா ஒருநாள் காலை என் அறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் கட்டிலின் நான்கு கால்களும் நான்கு செங்கற்களின் மேல் நின்றிருந்தன. முந்தின நாள் நம்மூர் ஐப்பசி மழை மாதிரி ஒன்று பிடித்துப் பெய்திருந்தது. தோட்டத்து மூலையில் கிடந்த செங்கற்களைக் கழுவி எடுத்துவந்து, கட்டிலைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். யோசித்துச் செய்ததில்லை, மழை பெய்தது, கை செய்தது. அவர் குனிந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு விரலைச் சுவரோரமாக ஓடவிட்டு ஏதோ கேட்டார். எனக்கு அப்போது போர்த்துகீசிய மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது என்று வைத்திருந்தேன்; ஆட்டினேன். மாலை வேலை முடிந்து வந்தால் அறையில் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருக்கிறது. எலிக்குப் பயந்து கட்டிலை உயர்த்தியிருக்கிறேன் என்று நினைத்து, தான் வளர்த்த பூனையையே எனக்குக் கொடுத்துவிட்டார். வீடு இருப்பதோ குன்றின் மேல். அங்கே வெள்ளம் ஏறவேண்டுமானால் கீழே உள்ள ஊர் மொத்தமும் முதலில் முழுகவேண்டும்.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு கெடிலம் ஆற்றை ஒட்டிய தாழ்வான தெருவில் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் செங்கல் மேல் ஏறிவிடும். ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணுக்குப் போய்விடும். சில வருஷம் தண்ணீர் வராது. சில வருஷம் வந்துவிட்டுப் போகும். சேற்றை வாரிக் கொட்டி, பினாயில் ஊற்றிக் கழுவி, முதலிலிருந்து தொடங்குவோம். அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, தெருவே அப்படித்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கிளம்பியவன். திருப்பூர், மஸ்கட், ஜொகூர் என்று சுற்றி, இப்போது போர்ச்சுகலின் தென்கோடியில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெர்ரி பறிக்கிறேன். எந்த ஊரிலும் பெட்டியை முழுதாகப் பிரித்ததில்லை. நல்ல சட்டை அடியிலேயே கிடக்கும்.

என் மனைவி கலா சிதம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். தினமும் கடலூரிலிருந்து பேருந்து. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று அந்தப் பாதையில் உட்கார இடம் கிடைத்தால் பாட்டுக் கேட்பாள். ஒருநாள், "மாமா, ஒரு கேம் அனுப்பறேன், ஏத்திக்க" என்றாள். ஒரே நிறக் கற்கள் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் உடையும், அந்த வகை. ஆனால் இதில் ஒரு கோபுரம் இருந்தது. கல் உடைய உடைய எதிரே நிற்கும் பூதத்துக்கு அடி விழும். ஒரு மாடியை ஜெயித்தால் மூன்று வரம் காட்டும், ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் செத்தால் வாங்கிய வரம் எல்லாம் போய்விடும், மறுபடி தரைத்தளம். கொஞ்சம் பொடி மட்டும் கையில் மிஞ்சும். அந்தப் பொடியைச் சேர்த்தால் அடுத்தமுறை ஒரு துளி உயிர் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்பலாம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. திருப்பூரில் வேலை போனபோது நூல் பிடிக்கத் தெரிந்த விரல் மிஞ்சியது, மஸ்கட்டில் கொஞ்சம் இந்தி மிஞ்சியது. இந்தக் கணக்கு எனக்குப் பழகினதுதான்.

ஆட்டத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு. நான் தூங்கும் நேரத்தில் அவள் காலைப் பேருந்தில் ஏறுவாள். விட்ட இடத்திலிருந்து ஆடுவாள். எனக்கு மதியச் சாப்பாட்டு வேளை, அவளுக்கு வேலை முடிந்து திரும்பும் வேளை. கூடாரத்து வாசலில் தட்டோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே அன்றைய நிலவரத்தைப் பார்ப்போம். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாள் நெரிசலில் நடந்த கல்யாணம் எங்களுடையது. எங்கள் கல்யாணப் படத்தில் பாதிப்பேர் பக்கத்துக் கல்யாணத்துக்காரர்கள். அதற்குப் பிறகு சேர்ந்து இருந்தது எல்லாம் விடுமுறைகளில்தான். சோறு தின்றாயா, மழை வந்ததா என்பதைத் தாண்டிப் பேச எங்களுக்கு விஷயம் கிடைத்தது இந்தக் கோபுரத்தால். அதற்கு நான் நன்றி சொல்லியாகவேண்டும்.

ஆட்டத்தில் வெடி என்று ஒன்று உண்டு. தட்டினால் பலகையில் பாதி உடையும். கலா கிடைத்த மாடியிலேயே அதைப் போட்டுவிடுவாள். நான் போடமாட்டேன். கடைசி மாடியில் பெரிய பூதம் இருக்கும், அப்போது வேண்டும் என்று சேர்த்துவைப்பேன். அவள் ஆடிய பலகை காலியாக வந்தால் எனக்குக் கோபம் வரும். நான் சேர்த்ததை அவள் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் தீர்த்திருப்பாள். ஆனால் இரண்டு மாடி ஏறியும் இருப்பாள்.

அந்த வசந்தத்தில், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு அனுமதி வந்தது. கலா கேட்டாள். பழம் பறிப்பு முடியட்டும் என்றேன். பறிப்பு முடிந்து கேட்டாள். நல்ல வீடாகப் பார்க்கிறேன் என்றேன். வேலை நிலைக்கட்டும் என்றேன். பொய் எதுவும் சொல்லவில்லை. வந்தபின் இந்த ஊரும் கைவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு தரைத்தளத்துக்குப் போகவேண்டுமே என்ற பயம். ஊரில் இருந்தால் பத்திரமாக இருப்பாள் என்று எண்ணினேன், கெடிலத்தின் கரையில்!

புரட்டாசி கடைசியில் ஒரு மதியம், பாதிச் சோற்றில் நான் செத்துப்போனேன். அன்று எல்லாம் கூடி வந்திருந்தது. கடைசி மாடிக்கு ஒரு மாடிதான் பாக்கி. திரை கறுத்ததும் கலா கூப்பிட்டாள். பேருந்து இரைச்சலுக்கு மேல் சிரித்தாள்.

"மாமா, செத்தவன் கையில மூணு வெடி இருக்குதே. பாடையில வச்சிகினு போவியா?"

"கடைசி மாடிக்குன்னு வச்சிருந்தேன்டி."

"அந்த மாடிய கண்ணால பாத்துருக்கியா நீ?"

"இல்ல."

"நான் பாத்துருக்கேன். ரெண்டு தபா. கையில ஒண்ணுமில்லாமதான் போனேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். புதுச்சத்திரம் இறங்குபவர்களைக் கண்டக்டர் சத்தம் போட்டு அழைப்பது கேட்டது. பிறகு அவள் குரல் தணிந்து வந்தது.

"என்னை எந்த மாடிக்குன்னு வச்சிருக்க?"

"கலா..."

"இந்த மழைக்கும் நான் இங்கதான்னா சொல்லிடு மாமா. கோவம்லாம் இல்ல. அப்புறம் கேக்க மாட்டேன், அவ்வளோதான்."

அவள் ஒன்றைக் கேட்கமாட்டேன் என்றால் கேட்கவேமாட்டாள். அது எனக்குத் தெரியும். கோபுரத்தில் மறுபடி ஏறலாம், இதில் அப்படி இல்லை. "வந்துடு" என்றேன். இரைச்சலில் கேட்கவில்லை என்று என்னை மூன்று தரம் சொல்லவைத்தாள். முதல் தரமே கேட்டிருந்தது என்று இங்கே வந்தபின் ஒப்புக்கொண்டாள்.

அன்று மாலை டோனா கிராசாவிடம் போய், அதற்குள் கற்றிருந்த அரைகுறை மொழியில் பெரிய அறை வேண்டும், மனைவி வருகிறாள் என்றேன். நான் வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்று புரிந்துகொண்டு அவர் முகம் வாடிவிட்டது. பூனையைக் கூட்டிப்போகலாம் என்று சைகை காட்டினார். கைப்பேசியில் கல்யாணப் படத்தைக் காட்டினேன். இதில் யார் மனைவி என்று தேடினார், அது நியாயம்தான். கண்டுபிடித்ததும் என் தோளில் ஓங்கி ஒரு அடி. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அர்த்தம். மறுநாள், காலமான தன் கணவரின் அம்மா படுத்த அகலக் கட்டிலைக் கொட்டகையிலிருந்து இருவருமாக இழுத்துவந்தோம். கால்களில் பூவேலை செய்திருந்தது. நான் செங்கல்லை எடுக்கப்போனேன். அவர் என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தன் பூந்தொட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். மழைக்காலம் பிறக்கும் நேரத்தில் முதல்முறையாக என் கட்டில் தரையில் நின்றது.

கலா வந்து சேர்ந்தாள். வந்த அன்றே தன் பெட்டியையும் என் பெட்டியையும் தலைகீழாகக் கவிழ்த்து எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கினாள். என் நல்ல சட்டை மடிப்பிலேயே கிழிந்திருந்தது. இந்த ஊர்க்காரர்களும் ஏறக்குறைய அலமாரி என்றுதான் சொல்கிறார்கள், ஜன்னலும் மேசையும் சாவியும்கூட அப்படித்தான் என்று தெரிந்ததும், பாதி மொழி வந்துவிட்டது என்று டோனா கிராசாவோடு சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டுபேரும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமலே நிறையப் பேசுகிறார்கள். வேலை இன்னும் பருவத்துக்குப் பருவம்தான். அடுத்த வருஷம் எங்கே என்று தெரியாது. ஆனால் மதியம் தட்டில் சூடாகச் சோறு விழுகிறது. இத்தனை நாடு சுற்றியதில் யார் யாரோ எனக்குச் செய்திருக்கிறார்கள். பூனை கொடுத்தவரையும், கேட்டுப் பார்த்தவளையும் முதலில் வைக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள், சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வானத்தில் மேகமே இல்லை. வாசலில் பூந்தொட்டிகள் நான்கும் வெறுந்தரையில் வரிசையாக இருந்தன. உள்ளே அகலக் கட்டில் செங்கல் மேல் ஏறியிருந்தது. பூனை அடியில் கிடந்தது. கலா மேலே சம்மணமிட்டுக் கோபுரம் ஏறிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி இது?"

"கண்ணு தெரியலயா? செங்கல்லு."

"இங்க எங்க மழை? வெளிய பாரு, வெயிலு."

"இங்க இல்ல மாமா." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க நேத்துலேந்து விடாம ஊத்துதாம். நம்ம தெருவுல தண்ணி ஏறுதுன்னு அம்மா ஃபோன் பண்ணுச்சி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் வழியாக வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அவள் ஒரு வெடியைத் தட்டினாள். பாதிப் பலகை உடைந்து கொட்டியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த தரையிலிருந்து இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டேன்.