மாஸ்டர் வெட்டிய ஒன்பது அங்குலம்

அக்காள் புருஷனைத் தெருவே மாஸ்டர் என்று கூப்பிட்டது. அவர் தையல் கடையில் மெஷின் மிதித்த தங்கை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அத்தான் என்ற முறையே அந்த ஆளுக்கு அதிகம் என்பது அவள் எண்ணம். டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, கடை வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிறவர்களிடம் பெருமை பேசுவதுதான் அவர் பார்த்த தையல் வேலை. பெரிய ஆர்டர் வந்தால் மட்டும் கத்தரிக்கோலைத் தொடுவார். அன்றைக்குத் தங்கைக்கு ஒட்டுப் போடும் வேலை இரட்டிக்கும்.

நடனப் பள்ளி டீச்சர், குடை மாதிரி விரியும் பாவாடைகள் கேட்டு வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையைச் சுற்றி வளைவாக வெட்டினால், பிரிக்கும்போது நடுவில் வட்ட ஓட்டை வரும், அதுதான் இடுப்பு. அத்தான் இருபத்தெட்டை மூன்று புள்ளி ஒன்று நாலால் வகுத்தார். ஏறக்குறைய ஒன்பது வந்தது. மூலையிலிருந்து ஒன்பது அங்குலத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

தங்கை மெஷினை விட்டு எழுந்து வந்தாள். ஒன்பது என்பது வட்டத்தின் விட்டம். மூலையிலிருந்து வைக்க வேண்டியது ஆரம், அதில் பாதி, நாலரைதான் என்றாள்.

"வெட்டுறவனுக்குத் தெரியும். நீ பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்குற வேலையப் பாரு," என்றார். ஒன்றை வெட்டிப் பார்க்கவும் பொறுமையில்லை. எல்லாத் துணியையும் அடுக்கி ஒரே வெட்டு.

பிரித்தால், ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பிள்ளைகள் நுழையலாம். ஓட்டை தின்றதில் பாவாடையின் உயரமும் நாலரை அங்குலம் போய்விட்டது. துணி இழுத்துக்கொண்டது என்றார். பிறகு கத்தரிக்கோல் மேல் பழி போட்டார். கடைசியில் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டார். அக்காள் உட்கார்ந்து தைலம் தேய்த்தாள். அதைப் பார்க்கத் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கையே இடுப்பில் சுருக்கம் வைத்து எலாஸ்டிக் கோத்தாள். போன உயரத்தை ஈடுகட்டக் கீழே பட்டை சேர்க்க விளிம்பின் சுற்றளவு வேண்டும். விளிம்பு வரையுள்ள ஆரத்தை இரண்டால் பெருக்கி, மறுபடி மூன்று புள்ளி ஒன்று நாலால் பெருக்கி, அந்த நீளத்துக்குச் சிவப்புத் துணி கிழித்துத் தைத்தாள்.

டீச்சர் வந்ததும் தலைவலி பறந்துவிட்டது. சுருக்கமும் பட்டையும் தன் யோசனை என்று அத்தான் அளக்க ஆரம்பித்தார். வாயால் அளப்பதில் மட்டும் அவருக்குப் பிசகே வராது.

"யோசனை இல்லீங்க டீச்சர், தப்பு," என்றாள் தங்கை. "பாதி வெக்க வேண்டிய எடத்துல முழுசா வெச்சு வெட்டிட்டார். நான் ஒட்டுப் போட்டிருக்கேன்."

டீச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாவாடைகளை எடுத்துக்கொண்டார். இனி இந்தப் பெண் வெட்டுவதானால்தான் துணி தருவேன் என்று சொல்லிப் போனார்.

அன்று அக்காள் சாப்பாட்டுத் தட்டைத் தங்கை முன் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் தங்கை வெட்டு மேசையைத் தன் மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அத்தான் தடுக்கவில்லை. மச்சினிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து ஆளாக்கியதே தான்தான் என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அடுத்த துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.