நாற்பது நாற்காலி ஃபைவிஷ்

திரும்பி வந்த சக்கர நாற்காலியில் முதலில் உட்கார்ந்து பார்ப்பவர் ஃபைவிஷ்தான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், கறுப்புக் கோட்டின் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார், நிலவறைக்குள் இரண்டு சுற்று வருவார். பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார். கைப்பிடியை முகர்ந்து பார்ப்பார். "ஓய்வுநாள் சோலண்டுக் குழம்பைச் சிந்தியிருக்கான் பாரு," என்பார். "கால்தான் ஒடிஞ்சிருக்கு, வயிறு ஒடியல."

எங்கள் யூத ஊரான பினெய் பிராக்கில், எங்கள் கட்டடத்துக்கு அடியில், குண்டு விழும் காலத்துக்கென்று கட்டிய நிலவறை அது. குண்டு விழாத காலமெல்லாம் அது ஃபைவிஷின் ராஜ்ஜியம். நாற்பது சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், மடக்குக் கட்டில்கள், மூச்சுக்கு உதவும் இயந்திரங்கள். யார் கேட்டாலும் சும்மா எடுத்துப்போகலாம், குணமானதும் திருப்பித் தரவேண்டும். குணமாகாவிட்டாலும் திருப்பித் தரவேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாற்காலி ஒவ்வொன்றுக்கும் நீலச் சாயம், முதுகில் பித்தளைத் தகடு, தகட்டில் அதை வாங்கிக் கொடுத்தவரின் அப்பா அம்மா பெயர். "சக்கரத்துக்கு எண்ணெய் விட மறந்தாலும் பித்தளையைத் தேய்க்க மறக்காதீங்கப்பா. குடுத்தவன் வந்தா சக்கரத்தையா பாக்கப்போறான்?"

வயது ஐம்பத்துமூன்று. காலையில் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறார். மீதி நேரமெல்லாம் நோயாளிகளுக்கு. எங்கள் தெருவில் யாராவது தும்மினால் இரண்டாவது தும்மலுக்குள் ஃபைவிஷ் கதவைத் தட்டிவிடுவார் என்று நான் ஒருமுறை சொல்லப்போக, அது தெரு முழுக்கச் சுற்றி அவர் காதுக்கே வந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் தும்மலுக்கே போயிருக்கணும், நஃப்தாலி. கால் வலி."

நோயாளியைப் பார்க்கப் போகும் தொண்டர்களுக்கு அவர் வகுப்பு எடுப்பார். நின்றுகொண்டு பேசாதீங்க, ஓடப்போறவன் மாதிரி இருக்கும். உங்க மாமாவுக்கும் இதே வியாதிதான் வந்துச்சுன்னு ஆரம்பிக்காதீங்க, மாமா எங்கேன்னு கேப்பான். பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வருகிறார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். "அப்ப அறுபது பேரை வரிசையில நிறுத்திட்டா ஆஸ்பத்திரியை மூடிடலாமே, ரெப் ஃபைவிஷ்?" என்று ரெப் போட்டு மரியாதையாகவே கேட்டேன். "ஐம்பத்தொன்பது பேரு வருவானுங்க. அந்த அறுபதாவது ஆளு நீதான், வரமாட்டே," என்றார்.

அவர் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. போக விடவில்லை. அவர் மனைவி ப்ரைந்தலுக்கு இதயம் பழுதாகிப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அது யாருக்கும் தெரியாது. பெண் ஷிஃப்ராவுக்குப் பத்தொன்பது வயது, சம்பந்தம் பேசுகிற நேரம். எங்களிடத்தில் பெண்ணைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் தாத்தாவின் படிப்பை விசாரிப்பார்கள், அடுத்து வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவை. அம்மாவுக்கு இதயக்கோளாறு என்றால் மகளுக்கும் வரும், மகளின் பிள்ளைகளுக்கும் வரும் என்று பேத்தி வரைக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஆகவே நாற்பது நாற்காலிக்காரரின் மனைவி மூன்று மாடியை நடந்து இறங்கினாள். நீல நாற்காலி ஒன்று அந்த வாசலில் நின்றால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். படிக்கட்டின் அடியில்தான் என் அச்சுக்கடை. ஒவ்வொரு தளத்திலும் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் படிப்பதுபோல் நின்று மூச்சு வாங்குவாள். "அப்படி என்னம்மா புதுசா போட்டிருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க அடிச்சதுதானே, தப்பு தேடிட்டிருக்கேன்," என்றாள் சிரித்துக்கொண்டே. உதடு நீலமாக இருந்தது. எனக்கு அப்போதும் புரியவில்லை.

புரிந்தது பட்டியலில். வாராவாரம் ஃபைவிஷ் நோயாளிகளின் பெயர்களைக் கொண்டுவருவார். எங்கள் வழக்கப்படி குடும்பப் பெயர் கிடையாது. நோயாளியின் பெயர், அவரைப் பெற்றவளின் பெயர், அவ்வளவுதான். நான் அடித்துத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பேன். துண்டுக்கு ஐந்து பெயர். பெண்கள் ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு வேதத்துச் சங்கீதப் பாட்டுகளைச் சொல்லிப் பிரார்த்திப்பார்கள். அன்றைக்குக் கடைசிப் பெயரை மட்டும் அவர் எழுதிக்கொண்டு வரவில்லை, வாயால் சொன்னார்.

"ஹாயா ப்ரைந்தல். அம்மா பேரு க்ரூனா."

என் விரல் நின்றது. க்ரூனா என்ற பெயரை நான் வாழ்நாளில் ஒரே முறை அச்சடித்திருக்கிறேன், அவருடைய மாமியாரின் சாவு நோட்டீஸில். ஹாயா என்றால் உயிர். கவலைக்கிடமானவர்களுக்குத்தான் அந்தப் பெயரை முன்னால் சேர்ப்பார்கள்.

"இது யாரு, ரெப் ஃபைவிஷ்?"

"ஒரு நோயாளி."

"எந்தத் தெரு?"

"உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா, விசாரிக்கத் தெரியுமா?"

"ரெண்டும் தெரியும்."

அவர் தாடியை வாயில் வைத்துக் கடித்தார். பிறகு கடைக் கதவைச் சாத்தினார். "நஃப்தாலி, உன் வாயி எப்பேர்ப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். ஷார்ஃப் வீட்டுப் பையனுக்குப் பேசிட்டிருக்கோம். அடுத்த ஞாயித்துக்கிழமை தட்டு உடைக்கிறோம். அதுவரைக்கும் அதை மூடி வை."

சம்பந்தம் உறுதியானால் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஒரு தட்டைப் பிடித்து உடைப்பார்கள். அந்த ஒரு தட்டுக்காகத்தான் ஒரு வருஷமாக அந்தப் பெண்பிள்ளை படியில் நோட்டீஸ் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பேரை மாத்திப் போட்டுடுங்களேன்," என்றேன்.

"மாத்திப் போட்டா மேல இருக்கிறவரு வேற எவளையாவது குணப்படுத்திடுவாரு. நாப்பது நாற்காலி வச்சிருக்கேன்னு எனக்குத் தனி வரிசையா?"

அந்தப் பெயர் இருந்த துண்டை அவர் தெருவில் யாருக்கும் கொடுக்கவில்லை. ஹைஃபாவில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தபாலில் அனுப்பினார். அங்கே யாருக்கும் சம்பந்தம் பேச வயசில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

தட்டு உடைக்க மூன்று நாள் இருக்கையில், ஃபைவிஷ் உழைக்கிற நோயாளி உதவிச் சங்கத்தின் வருடாந்தர விருந்து. நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு வண்டி வாங்கிக் கொடுத்த சூரிச் தனவந்தருக்குப் பாராட்டு. ஃபைவிஷ் காலையிலிருந்தே கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். ப்ரைந்தலும் வந்தாகவேண்டும், மாப்பிள்ளையின் அம்மா ஹிண்டா ஷார்ஃப் வருகிறாள், பெண்ணின் அம்மா எங்கே என்று பார்ப்பாள். ஹிண்டா யாரோ எவரோ அல்ல. சங்கத்தின் பெண்கள் சமையலறைக்கு அவள்தான் தலைவி. அவள் சூப் போகாத ஆஸ்பத்திரி கிடையாது. மகராசி, நோயாளியை எங்கே கண்டாலும் விடமாட்டாள், தன் வீட்டுச் சம்பந்தத்தில் தவிர.

மத்தியானம் விருந்துக் குழுவிலிருந்து ஒருவர் என் கடைக்கு ஓடிவந்தார். "சூரிச்காரருக்கு ஒரு ஆசை வந்துடுச்சு. நோயாளிங்க பேரையெல்லாம் அவரே மேடையில வாசிச்சுப் பிரார்த்தனை பண்ணணுமாம். இந்த வாரப் பட்டியல் முழுசா வேணும். பெரிய எழுத்து, தடி அட்டை, பொன் கரை போட்டுக் குடு."

கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே எடுத்து அடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பொன் கரை கோணலாகிவிடக் கூடாதே என்று நான்கு அட்டை வீணாக்கினேன். அந்தக் கவலையில் வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஐந்தாவது அட்டை அழகாக வந்தது.

மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே திரைத்தட்டி. கோழி வந்தது, மீன் வந்தது, பேச்சுகள் வந்தன. சூரிச்காரர் அட்டையைக் கையில் வாங்கியபோதுதான் அதிலிருந்த கடைசிப் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது. ஃபைவிஷ் பாதாம் தட்டோடு மேடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். சூரிச்காரருக்கு நல்ல குரல். ஒவ்வொரு பெயரையும் உருட்டி உருட்டி வாசித்தார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னது.

"ஹாயா ப்ரைந்தல், க்ரூனாவின் மகள்."

"ஆமென்!"

ஃபைவிஷும் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் நடந்தது என் மனைவி சொல்லித் தெரியும். ஹிண்டா பக்கத்தில் ப்ரைந்தல், கன்னத்தில் சாயம், கல்யாணமான எங்கள் பெண்கள் தலையில் வைக்கிற விக்கும் புதுசு, இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டே விசாரிப்பும் சிரிப்புமாக இருந்திருக்கிறாள். பெயர் வாசித்ததும் இரண்டு பேருமே ஆமென் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் ஹிண்டாவின் தலை மெதுவாகத் திரும்பியிருக்கிறது. சம்பந்தத்துக்குக் கொடுத்த காகிதத்தில் இரண்டு பக்கத்துப் பாட்டிகளின் பெயரும் இருக்கும். மனப்பாடம் செய்திருப்பாள்.

"உங்க அம்மா பேரு க்ரூனாதானே?"

"ஆமா. இப்பல்லாம் யாரும் வைக்கிறதில்ல. நல்ல பேரு இல்ல?" என்றாளாம் ப்ரைந்தல், அதே சிரிப்போடு.

ஹிண்டா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவள் முழங்கையைப் பிடித்து, "உக்காருங்க, பாவம், உக்காருங்க," என்றாளாம். "அந்தக் கரிசனத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கல்யாணம் போச்சுன்னு," என்றாள் என் மனைவி.

மறுநாள் காலையில் கல்யாணத் தரகர் ஃபைவிஷுக்குப் போன் செய்தார். பையன் இன்னும் ஒரு வருஷம் படிக்க ஆசைப்படுகிறானாம். அந்தப் பையன் படிப்பில் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் மூன்று மாடி ஏறினேன். அட்டை அடித்தது நான்தான் என்று சொல்வதற்கு. ஃபைவிஷ் கதவைத் திறந்துகொண்டு நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உள்ளே ஷிஃப்ரா பாத்திரம் கழுவும் சத்தம், வேண்டுமென்றே போடுகிற சத்தம்.

"ரெப் ஃபைவிஷ், அந்த அட்டை..."

"நல்லா வந்திருந்துச்சு," என்றார். "கரை நேரா இருந்துச்சு."

அந்த நேரத்தில் படியில் காலடி. ஹிண்டா ஷார்ஃப் மூச்சிரைக்க மேலே வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றி, ஆவி பறக்கிற பெரிய சூப்புச் சட்டி. முகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வைத்துக்கொள்கிற அந்த முகம்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல, ரெப் ஃபைவிஷ்?" என்றாள். "நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்? இனிமே செவ்வாயும் வியாழனும் நம்ம சமையலறையிலருந்து வந்துடும். நாளைக்கு ரெண்டு பொண்ணுங்களை அனுப்பறேன், கூட உக்காந்து பேசிட்டிருப்பாங்க. இப்பத்தான் இறக்கினேன், சூடு ஆறதுக்குள்ள குடுங்க. சீக்கிரம் குணமாகட்டும்."

"ஆமென்," என்றார் ஃபைவிஷ். "உங்களுக்குப் புண்ணியம்."

அவள் சட்டியை அவர் கையில் வைத்தாள். சுற்றியிருந்த துணிகளை மட்டும் உருவி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவை சங்கத்துத் துணிகள், அடுத்த வீட்டுக்கு வேண்டும். இறங்கிப் போனாள்.

வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மேசை இருந்தது. ஃபைவிஷ் அதில் வைக்கவில்லை. வெறுங்கையால் அந்தச் சட்டியைப் பிடித்தபடி, விரல்கள் சிவக்கச் சிவக்க, மூன்று மாடிப் படிகளிலும் அவள் செருப்புச் சத்தம் இறங்கி முடிகிறவரை அப்படியே நின்றார்.