ஜக்கரியா பாய் இல்லாத படம்

திலகா செய்த பேனரில் விடுபட்டுப்போனவர் என்று மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒருவரைக் காட்டிவிட முடியாது. தீமிதித் திருவிழா என்றால் அம்மன் நடுவில். சுற்றிலும் உபயக்காரர்கள், அவர்கள் மனைவிமார், போன மாதம் பிறந்த பேரப்பிள்ளை வரைக்கும் முகம் இருக்கும். ஒரு முகம் விட்டுப்போனால் கோயில் கமிட்டியே இரண்டாக உடையும் என்பதை அச்சுக்கடையில் சேர்ந்த புதிதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவள் அவள். பேனரில் எதுவும் குறையாகவும் இருக்கக் கூடாது. குடம் நிறைந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், மணப்பெண் சிரிக்க வேண்டும். அரைக் குடத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டு அந்த ஊரில் யாரும் கடை நடத்த முடியாது.

இந்தக் கைராசியை நம்பித்தான் ஹஸீனா அவளிடம் வந்தாள். அச்சுக்கடைக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜக்கரியா பாயின் மகள். இரண்டு வருடமாகக் கடையின் மாடி அறையில் உட்கார்ந்து கைப்பேசிக்கு ஒரு விளையாட்டு செய்திருந்தாள். கிளாஸ்களில் தேத்தண்ணியும் ரோஸ் சிராப்பும் மைலோவும் அடுக்கடுக்காக மாறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, ஒவ்வொரு கிளாஸிலும் ஒரே பானம் நிற்கும்படி பிரிக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

ஆனால் ஆப் ஸ்டோரில் ஜனங்கள் முதலில் பார்ப்பது விளையாட்டை அல்ல, அதன் படத்தை. விரல் நகம் அளவு ஓர் ஐகன், கூடவே நாலைந்து காட்சிப் படங்கள். அதைப் பார்த்துக் கை தொட்டால் உண்டு, தொடாவிட்டால் உள்ளே இருப்பது தங்கமாகவே இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

திலகா தன் வித்தையெல்லாம் இறக்கினாள். நடுவில் சொங்கோக் தொப்பி போட்டுச் சிரிக்கும் ஜக்கரியா பாய், பின்னால் கடையின் பெயர்ப்பலகை, முன்னால் வரிசையாக நிறைந்த கிளாஸ்கள், தங்க எழுத்து, நாலாப் பக்கமும் ஒளிக்கதிர். பெரிய திரையில் பார்த்தபோது அவளுக்கே கண் கூசியது. பாய் அதைத் தன் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொண்டு, சோறு தின்ன வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார்.

விளையாட்டை வெளியிட இருந்த நிறுவனம் அந்தப் படத்தை நாலு நாட்டு ஜனங்களுக்குக் காட்டிப் பார்த்தது. தொட்டவர் யாருமில்லை என்றே சொல்ல வேண்டும். இன்னொரு முறை பார்ப்போம், வெள்ளிக்கிழமை மாலைக்குள் புதுப் படம் வர வேண்டும், அதையும் யாரும் தொடாவிட்டால் விளையாட்டைக் கைவிடுகிறோம் என்று பதில் வந்தது. இரண்டு வருட உழைப்பு தன் ஒரு படத்தால் போகிறதே என்று திலகா தவித்தாள். ஹஸீனா திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலாம். அந்தப் பெண் மறுபடியும் இவளிடமே வந்து நின்றாள்.

"அவங்ககிட்டயே படம் வரையிற ஆளு இருக்குன்னு சொன்னல்ல? அந்த ஆளையே போடச் சொல்லு லா. ஏன்டி என் தலையில கட்டுற?"

"அவங்க ஆளு அழுவுற பொம்பளைய வரைவான்க்கா. எல்லா கேமுக்கும் அதான் போடுறாங்க. நம்ம கேம்ல அழுவுற பொம்பள எங்க இருக்கா? நீங்களே செய்ங்க."

திலகா செய்தாள், அழித்தாள், மறுபடி செய்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள், கதிரைக் குறைத்தாள். ஐகன் அளவுக்குச் சுருக்கிக் கையை நீட்டிப் பார்த்தால் பாயின் முகம் ஒரு பருப்பு வடை மாதிரி தெரிந்தது. அவரை எடுக்க வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. கை வரவில்லை. அவர் கடை, அவர் கிளாஸ், அவர் பெற்ற மகள். உபயக்காரரையே தூக்கிவிட்டு என்ன பேனர்?

வெள்ளிக்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தாள். காட்சிப் படத்துக்கு, எல்லாக் கிளாஸும் அழகாகப் பிரிந்து நிற்கும் திரை ஒன்று வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஆடினாள். கடைசிக் கிளாஸில் கடைசி சிராப்பை ஊற்றப்போகும் நேரம் பார்த்து அவள் புருஷன் செல்வா வந்து, "லோரி சாவி எங்க வச்ச?" என்று கைப்பேசியை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"குடுய்யா அத!"

அவள் போட்ட சத்தத்தில் செல்வா இரண்டடி பின்னால் போனான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனை அப்படி அதட்டியதே இல்லை. "என்னடி ஆச்சு உனக்கு?" என்று பயந்தபடி கைப்பேசியைத் திருப்பித் தந்தான்.

திலகா ஊற்றவில்லை. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஓர் ஊற்றுதான் பாக்கி, அதற்காகக் கட்டின புருஷனை அந்த அதட்டு அதட்டியிருக்கிறாள். இத்தனை நாளும் அவள் வரைந்த படங்களில் எல்லாக் கிளாஸும் நிறைந்திருந்தன, எல்லா நிறமும் பிரிந்திருந்தன. விளையாட்டே முடிந்துபோயிருந்தது. முடிந்துபோனதைத் தொட எவனுக்குக் கை வரும்?

புதிதாக ஆரம்பித்தாள். சாய்ந்த கிளாஸ் ஒன்று, பாதி வழியில் விழும் ரோஸ் சிராப், கீழே விரல் அளவு குறையாக நிற்கும் இன்னொரு கிளாஸ். அவ்வளவுதான். கதிர் இல்லை, எழுத்து இல்லை, பலகை இல்லை, மனிதர் இல்லை. குறையை வரைந்து பழகாத கை அந்தக் கிளாஸை நிரப்பிவிடப் பார்த்தது. ஏதோ அபசகுனம் செய்வது போலிருந்தது அவளுக்கு.

பாயின் கண்ணில் காட்டாமல் அனுப்ப மனம் ஒப்பவில்லை. நேரே கடைக்குப் போனாள். பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பி நின்றார். படத்தை வாங்கிப் பார்த்தார், விரலால் தள்ளி அடுத்த படம் இருக்கிறதா என்று தேடினார்.

"நான் எங்கம்மா?"

"பாய், சின்னப் படம். முகம் போட்டா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"கிளாஸ் தெரியுது. அதுவும் கொறைக் கிளாஸு. என் கடையில இப்படிக் கொண்டாந்து வச்சா எவன் குடிப்பான்?" கைப்பேசியை மேசையில் வைத்தார். "உங்க இஷ்டம்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாடியில் ஹஸீனா விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, "அனுப்பவாக்கா?" என்றாள். இதுவும் தோற்றால் மகளின் உழைப்பும் போகும், தகப்பனின் முகத்தை அழித்த பாவமும் சேரும். "அனுப்பு" என்றாள் திலகா.

அதற்குப் பிறகு சாலையைத் தாண்டி அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் அச்சுக்கடைப் பையனை அனுப்பினாள். கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள், பார்த்தால் யாராவது திருமணப் பேனருக்கு விலை கேட்பார்கள். அடுத்த வாரம் ஒரு பகலில் ஹஸீனா வலது இடது பார்க்காமல் சாலையைக் கடந்து ஓடி வந்தாள். லோரி ஒன்று ஹாரன் அடித்தது.

"தொடுறாங்கக்கா! தொட்டுக்கிட்டே இருக்காங்க! வெளியிடுறாங்களாம்!"

திலகா மௌஸைப் பிடித்த கையோடு அழுதாள். எதற்கு இவ்வளவு அழுகை என்று அவளுக்கே புரியவில்லை. அழுது முடித்து, முகத்தைக் கழுவி, இனி ஒளிந்து பயனில்லை என்று எதிர்க்கடைக்குப் போனாள்.

பாய் கல்லாவில் இருந்தார். "ஜெயிச்சிருச்சாமே" என்றார், சந்தோஷமும் இல்லாமல் கோபமும் இல்லாமல்.

"மன்னிச்சிருங்க பாய்."

"அதுக்கில்லம்மா. ரெண்டு வருஷமா மேல ஒக்காந்து அவ என்ன செய்றான்னு எனக்கு வெளங்குனதே இல்ல. அந்தப் படத்துல என் மூஞ்சி இருந்துச்சு. அதக் காட்டித்தான் இது என் மவ செஞ்சதுன்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப என்னத்தக் காட்டிச் சொல்றது?"

திலகாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் அதை உபயக்காரர் வீறாப்பு என்றல்லவா நினைத்திருந்தாள். அவருடைய கைப்பேசியைக் கேட்டு வாங்கி, தன்னிடம் இருந்த விளையாட்டை அதில் ஏற்றி, முதல் ஆட்டத்தைத் திறந்து அவர் கையில் வைத்தாள்.

பாய் தேத்தண்ணியை எடுத்து சிராப்பின் மேல் ஊற்றப் பார்த்தார். கிளாஸ் ஆடிவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுபடி முயன்றார், மறுபடியும் போயிற்று.

"ஏன் ஊத்த மாட்டேங்குது?"

"ஒண்ணு மேல வேற ஒண்ண மாத்தி ஊத்தக் கூடாது பாய். உங்க மவ போட்ட சட்டம்."

"அவ போட்டதா?"

பாய் மாடிப் படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஹஸீனா! கீழ வா. இது எப்படின்னு அத்தாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

இந்த இரண்டு வருடத்தில் அவர் மகளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. படியில் அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டது.