ஐஸ் பெட்டியில் இருந்த வரி

போன வருடம் மார்கழியில், கீழ்பென்னாத்தூரில் ஒரு சாவு வீட்டில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய கதையை முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது திருவண்ணாமலையில், செங்கம் ரோடு பக்கம். எங்கள் மாடி அறையில் குளிர்காலம்தோறும் இங்கிலாந்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து தங்குவார். மகள் பிறந்த பிறகு நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளாகிவிட்டேன். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். தும்மினால் காய்ச்சல் மருந்தைத் தேடுவேன். இதைக் கவனித்த அந்த அம்மா, தன் ஊர் நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்க்கச் சொன்னார்.

சவ அடக்கம் செய்து கொடுக்கும் தொழில் நடத்துகிற அண்ணன் தங்கையின் கதை அது. பக்கத்து அறையில் பிணம் கிடக்கும்; இவர்கள் கடைசி பிஸ்கட்டைத் தின்றது யார் என்று சண்டை போடுவார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் கிடையாது. எங்கே சிரிக்க வேண்டும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் அருவருப்பாக இருந்தது. சாவில் என்ன சிரிப்பு என்று நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு மதியம், குழந்தை தூங்கும்போது மறுபடி பார்த்தேன். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன். நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அதெல்லாம் அவர்களுக்கு நடந்தது. நடந்த பிறகும் அவர்கள் டீ போட்டார்கள். எனக்கு ஏனோ நெஞ்சு லேசானது. "என்னாத்துக்கு இந்த எழவெல்லாம் பாக்குற?" என்று கணவர் கேட்பார். நான் விடவில்லை. அந்தத் தொடர் முடிந்ததும் அதே போல இன்னொன்றைத் தேடிப் பிடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கணவரின் பெரியம்மா இறந்துபோனார். பெரியத்தை என்று நான் கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் வளைகாப்பில் கூட்டத்தின் நடுவே என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "பட்டுன்னாங்க?" என்று கேட்டவர். அவர் சொல்லால் அடிபடாதவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அதனால் சாவு வீட்டில் பெரிதாக அழுகை இல்லை. மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் விடுவதைப் பற்றி ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் சாவுக்குப் போகும் பெண்கள் நேராகப் போய், உட்கார்ந்திருப்பவர்களின் தோளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழ வேண்டும். வராத அழுகையையும் குரலிலாவது வரவழைப்பார்கள். பெரியத்தையின் ஒரே மகளை, அண்ணியை, நான் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. குழந்தையைக் கணவர் சரியாகப் பிடித்திருக்கிறாரா என்று லேசாகத் தலையைத் தூக்கினேன். கண்ணுக்கு நேரே, பெரியத்தையைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி. அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில், 'தங்கள் ஆதரவை மீண்டும் மீண்டும் நாடும்' என்று எழுதி, கீழே போன் நம்பர் போட்டிருந்தது.

இதற்கு முன் எத்தனையோ சாவு வீடுகளில் அந்த மாதிரி பெட்டியைப் பார்த்திருப்பேன். படித்ததே இல்லை. அன்று படித்தேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்தேன். முந்தானையை வாயில் அடைத்தேன். அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"டவுன் பொண்ணா இருந்தாலும் எப்டி அழுவுது பாரு," என்றார் பக்கத்தில் ஒருவர். "பெத்த பொண்ணுங்கூட இப்டி அழுவல." யாரோ எனக்குச் சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அம்மாவைப் பறிகொடுத்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்தச் சோடாவைக் குடித்தபோது தொண்டைக்குள் இறங்கிய கூச்சம் இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு அண்ணி அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தார். அம்மா வைக்கும் குழம்பைப் பற்றி, போட்ட சண்டைகளைப் பற்றிப் பேசுவார். நான் 'உம்' கொட்டுவேன். ஒவ்வொரு முறையும் திருடியதைப் போல இருக்கும். தொடர் பார்ப்பதை நிறுத்தினேன். என் மனசு கெட்டுவிட்டதோ, என் மகளும் நாளை என் சாவில் சிரிப்பாளோ என்றெல்லாம் ஓடியது. கணவரிடம் சொன்னேன். "இத போயி சொல்லி யாருக்கு என்னா ஆவப்போவுது? கம்முனு இரு," என்றார்.

என்னால் கம்மென்று இருக்க முடியவில்லை. சித்திரைப் பௌர்ணமியன்று மலை சுற்ற வந்த அண்ணி, மதியமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். உரித்து உரித்து என் மகளுக்கு ஊட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கம்மாவ யாருக்கும் புடிக்காதுனு எனக்குத் தெரியாதாம்மா? எனக்கே அன்னிக்கு அழுவ வரல. நீ ஒருத்தி மனசார அழுத. அது போதும்னு இருக்கேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். தொடரை, பெட்டியை, அந்த வரியை, எல்லாவற்றையும்.

அண்ணியின் கை நின்றது. "அப்டியா எழுதியிருந்துச்சி? நான் பாக்கவே இல்ல," என்றார். பிறகு, "எங்கம்மா மட்டும் எழுந்து பாத்திருந்தா, அந்தப் பொட்டிக்காரன அங்கயே நிக்க வச்சி அழிக்க வுட்டிருக்கும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்திலும் ஒரு கணம் வந்து போனது. சரியாகிவிட்டது என்று நான் மூச்சுவிட்டேன்.

அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தபடி, என்னைப் பார்க்காமலே, "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்ல," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உரித்ததைக் குழந்தையின் கையில் வைத்துவிட்டு, சாயங்காலம் கூட்டம் ஏறிவிடும் என்று எழுந்து போனார். இப்போதும் நல்லது கெட்டதுக்குப் போன் செய்கிறார். அம்மாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நான் மறுபடி அந்த மாதிரித் தொடர்களைப் பார்க்கிறேன், சிரிக்கிறேன். சாவு வீட்டில் சிரித்ததைக்கூட மனசு மன்னித்துவிட்டது. ஆனால், தன் அம்மாவுக்காக ஒருத்தியாவது அழுதாள் என்று ஒரு மகள் பத்திரமாக வைத்திருந்ததை, என் பாரம் இறங்குவதற்காகப் பிடுங்கிக்கொண்டேனே, அதற்கு உண்மை என்று பெயர் வைக்க இன்று வரை எனக்கு வாய் வரவில்லை.